கோலார் தங்க வயலில் சுரங்கப் பொறியியல் கல்வி

ஒரு தொழில் நின்றுபோன ஊரில் அத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரி தொடர்ந்து நடைபெறுவது நம் நாட்டில் அரிதாகவே காணக்கூடியது. கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்க வயல் அத்தகைய ஊர்களுள் ஒன்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அங்கே தன் பணிகளை 2001 பிப்ரவரி 28 அன்று நிறுத்தியது. அதற்கு 15 ஆண்டுகள் முன்னர், 1986-இல், உரிகத்தில் கோல்டன் வேலி தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்று, விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அக்கல்லூரி, சுரங்கப் பொறியியலைத் தன் பட்டப் படிப்புகளுள் ஒன்றாகக் கற்பித்து வந்துள்ளது. பட்டயப் படிப்புக்கென மாநில அரசின் சுரங்கப் பள்ளி ஒன்றும் அதே வயலில் அமைந்தது.

வகுப்பறைக்கு அருகிலேயே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை குடையப்பட்ட சுரங்கம் இருக்கிறது. ஆனால் மாணவர் அதனுள் இறங்க இயலாது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிய இடத்தில், சுரங்கத்தை நூலில் மட்டுமே கற்கும் நிலை உருவாகியுள்ளது. இந்நிலையில் அக்கல்வி எதைக் கற்றுத் தருகிறது, எதைத் தர இயலாமல் நிற்கிறது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

அறிவு வந்த வழி

மாரிக்குப்பம் பகுதியில் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதை ஆங்கிலப் படை அதிகாரி ஜான் வாரன் 1802-இல் கண்டறிந்து குறிப்பெழுதினார். 1870-களில் லாவெல் என்பவர் மைசூர் அரசிடமிருந்து தோண்டும் உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிருவாகத்தை ஏற்றபின், 'சாம்பியன்' எனப் பெயர் பெற்ற தங்கப்படிவு அகப்பட்டது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இவ்வயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின் தொடர்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததற்கு முன்பே சுரங்கத்தின் இயந்திரங்கள் மின்சாரத்தால் ஓடின.

இத்தனை பெரிய தொழிலுக்கு வேண்டிய பொறியியல் அறிவு வெளியிலிருந்து வந்தது. மேலாளர்களும் பொறியாளர்களும் இங்கிலாந்திலிருந்து, குறிப்பாகத் தகரச் சுரங்கங்களுக்குப் பெயர்போன கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தனர். பாறையைத் துளைத்தவர்களும், வெடித்த கல்லை வாரியவர்களும், தாங்குசுவர் கட்டியவர்களும் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தமிழர்கள் மிகுதி. கடப்பாரையால் மேற்கூரைப் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அது உறுதியாக உள்ளதா, பிளந்து தொங்குகிறதா என்று கூறவல்லவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அந்த அறிவுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை, பாடநூலும் எழுதப்படவில்லை.

சுரங்கக் கல்வி நம் நாட்டில் முறையாக வேரூன்றியது 1920-களில்தான். காசி இந்துப் பல்கலைக்கழகம் அப்பத்தாண்டில் சுரங்கப் படிப்பைத் தொடங்கியது. 1926-இல் தன்பாத்தில் இந்தியச் சுரங்கப் பள்ளி திறக்கப்பட்டது. இரண்டும் நிலக்கரியை மனத்தில் கொண்டவை. கோலாரின் தங்கச் சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962-இல் மத்திய அரசுக்கு மாறி, 1972-இல் பொதுத்துறை நிறுவனமாக உருப்பெற்றன. உள்ளூர் இளைஞர், தந்தை கூலியாக இறங்கிய இடத்தில் மேற்பார்வையாளராகவோ பொறியாளராகவோ இறங்கலாம் என்னும் நம்பிக்கை இக்காலத்தில்தான் எழுந்தது. அந்நம்பிக்கை கல்லூரியாக உருவெடுத்த நேரத்தில் சுரங்கத்தின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது.

பாறையின் சுமை

நான்காண்டுப் பட்டப் படிப்பில் முதலாண்டு எல்லாப் பொறியியல் மாணவருக்கும் பொதுவானது. அதன்பின் நிலவியல், சுரங்க அளவை, துளையிடலும் வெடித்தலும், காற்றோட்டம், சுரங்க இயந்திரங்கள், தாதுத் தூய்மிப்பு, சுரங்கச் சட்டம், சுரங்கப் பொருளியல் எனப் பாடங்கள் விரிகின்றன. இவற்றுள் கோலாரின் வரலாற்றோடு மிக நெருங்கியது பாறை இயக்கவியல்.

ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது 3,000 மீட்டர் உயரத்துக்குப் பாறை நிற்பதாகக் கொள்வோம். பாறை நீரைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு கனமானது. எனவே அந்தச் சதுர மீட்டர் தாங்கும் சுமை சுமார் 8,400 டன். குடையப்படாத நிலையில் இச்சுமை எங்கும் பரவி நிற்கிறது. நடுவே தாதுவை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கியதும், அவ்விடம் தாங்கிய சுமை அருகிலுள்ள பாறைக்கு மாறுகிறது. மென்மையான பாறையாயின் சற்றே நசுங்கி இடங்கொடுக்கும். கோலாரின் பாறை கடினமானது, எளிதில் நசுங்காது. வில்லை வளைத்தாற்போல ஆற்றலைத் தன்னுள் தேக்கி வைத்திருந்து, தாங்கும் எல்லை கடந்ததும் ஒரே நொடியில் சிதறுகிறது. இதுவே பாறை வெடிப்பு. அழுத்தப்பட்ட காற்று வழிநெடுகச் சீறிப் பாய்வதால் தங்க வயல் மக்கள் இதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றே வழங்கினர். பெரிய வெடிப்புகளின்போது தரைமீதிருந்த வீடுகளும் அதிர்ந்தன. கீழே பணியிலிருந்தோரின் குடும்பத்தினர் ஷாஃப்ட் வாயிலுக்கு ஓடிவந்து காத்து நிற்பதற்கு அந்த அதிர்ச்சியே அறிவிப்பாயிற்று.

இவ்வெடிப்புகள் பல உயிர்களைக் கொண்டன. பல குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் ஆய்வால் வெட்டும் முறையே மாறியது. நாற்புறமும் தாதுவை எடுத்துவிட்டு இடையில் பாறையைத் தீவுபோல் விட்டுவைத்தால் சுமை முழுவதும் அதன்மேல் குவியும் என்பது தெளிவாயிற்று. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, எத்திசையில் முன்னேறுவது என்னும் ஒழுங்கே உயிர்காப்புக்கு அடிப்படை என உணரப்பட்டது. மரத்தூண்கள் நசுங்கியும் உளுத்தும் தீப்பற்றியும் பயனிழந்தமையால், அவ்வட்டாரத்தில் மலிந்த கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிய தாங்குசுவர்களும், பின்னர் கான்கிரீட்டும் இடம்பெற்றன. 1970-களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையுடன் நில அதிர்வுக் கருவிகளின் வலையமைப்பு நிறுவப்பட்டது. வெடிப்பு எங்கே, எவ்வளவு ஆற்றலோடு நிகழ்ந்தது என்பதை அதனால் கணிக்க முடிந்தது. 1988-இல் மத்திய சுரங்க அமைச்சகத்தின்கீழ் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரிலேயே தோற்றுவிக்கப்பட்டது. அணைகள், நிலத்தடி மின்நிலையங்கள், மலைக்குடைவுப் பாதைகள் ஆகியவற்றுக்கு ஆலோசனை கூறும் அந்நிறுவனத்தின் அறிவு மூலதனத்தில் பெரும்பங்கு சாம்பியன் ரீஃப் தொழிலாளர் கொடுத்த விலையால் வந்தது என்று கூறினால் மிகையாகாது.

பாறையின் அதே கனம் இயற்பியலுக்குத் துணையாகவும் நின்றது. விண்ணிலிருந்து பொழியும் துகள்களைப் பாறை தடுத்துவிடுவதால், எதனையும் ஊடுருவும் நியூட்ரினோக்களை மட்டும் ஆழத்தில் பிரித்தறியலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களுடன் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே அமைத்த ஆய்வுக்கூடத்தில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. கூண்டில் கருவிகளை ஏற்றி இறக்கியவர்களும் இத்தொழிலாளர்களே.

காற்று, வெப்பம், தூசி

ஆழம் செல்லச் செல்லப் பாறையின் வெப்பம் ஏறுகிறது. உலகின் பல இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை கூடும். கோலாரின் மிகப் பழைய பாறையில் இது பாதியளவே. ஆயினும் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை 60 பாகை செல்சியசைக் கடந்துவிடுகிறது. இத்துடன், மேலிருந்து இறங்கும் காற்றும் தன் எடையால் தானே அழுந்திச் சூடேறுகிறது. உலர்ந்த காற்றாயின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 பாகை அளவு. ஆகவே வெளிக்காற்றைக் கீழே தள்ளினால் போதும் என்பது ஆழ்சுரங்கத்தில் செல்லாது. காற்றைக் குளிர்விக்கும் இயந்திர நிலையங்களை இங்கே நிறுவ வேண்டியதாயிற்று. எந்த வழியில் எவ்வளவு காற்று செல்லும், எந்தக் கதவை மூடினால் எந்தப் பணியிடம் மூச்சுத் திணறும் என்று கணக்கிடுவது காற்றோட்டப் பாடத்தின் சாரம்.

தூசியைப் பற்றிய பாடம் அதைவிடக் கசப்பானது. படிகக் கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, ஆண்டுகள் கழித்தே தன் தீமையைக் காட்டும். 1940-களில் தங்க வயலில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வில், பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் நோய் காணப்பட்டது. துளையிடும் கருவியின் ஊடே நீரைச் செலுத்தித் தூசியை அது பிறக்குமிடத்திலேயே நனைத்து அடக்குவதும், வெடித்தபின் புகையும் தூசியும் வெளியேறும் வரை எவரையும் உள்ளே விடாதிருப்பதும் தேர்வுக்கு எழுதும் விடையாகவும் இருக்கலாம். தங்க வயலில் பிறந்த மாணவருக்குத் தம் பாட்டனாரின் இருமலின் காரணமாகவும் அது தெரிந்திருக்கும்.

கூண்டு ஏற்றும் வைண்டர் இயந்திரம், எஃகுக் கயிற்றின் சோதனை, நீர் இறைப்பு ஆகியன பிற சுரங்கங்களுக்கும் பொதுவானவை. இங்கு விரிக்க வேண்டியதில்லை.

எது தாது?

பொருளியல் பயில்வோருக்கும் சுரங்க மாணவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: எது தாது, எது வெறுங்கல்? நிலவியல் மட்டும் இதற்கு விடை கூறாது. ஒரு டன் கல்லை வெட்டி, மேலேற்றி, அரைத்து, தங்கத்தைப் பிரிக்க ஆகும் செலவைவிட, அதிலுள்ள தங்கத்தின் விலை அதிகமாயின் அது தாது, இல்லையேல் வெறுங்கல். விலை ஏறினால் நேற்றைய கல் இன்று தாதுவாகும். செலவு ஏறினால் நேற்றைய தாது இன்று கல்லாகும்.

கோலாரின் கதை இக்கணக்கிற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கக் காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேல் தங்கம் தந்த படிவு, இறுதி ஆண்டுகளில் 3, 4 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆழம் கூடியதால் செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த வயல், நட்டக் கணக்குடன் மூடப்பட்டது. இந்நட்டத்தை ஆராயும்போது ஒன்றை மறத்தலாகாது. அரசுடைமையானபின் பல ஆண்டுகள், இங்கு எடுத்த தங்கத்துக்கு உள்நாட்டுச் சந்தை விலை கணக்கிடப்படவில்லை. அதைவிட மிகக் குறைந்த பன்னாட்டு அதிகாரபூர்வ விலையே தரப்பட்டது. கணக்கேட்டில் நட்டமாகத் தெரிந்ததில் ஒரு பகுதி, உண்மையில் சுரங்கம் நாட்டின் கருவூலத்துக்கு அளித்த கொடையே ஆகும். சுரங்கப் பொருளியல் வகுப்பில் இதனைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும்.

ஆலைகள் அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது. 'சயனைடு மேடு' என்று மக்கள் வழங்கும் அவற்றிலிருந்து வறண்ட காலத்தில் எழும் புழுதி வீடுகளுக்குள் படிகிறது. 13 மேடுகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு உள்ளதாகக் கணிக்கப்பட்டுள்ளது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கமே அதில் எஞ்சியிருப்பினும், தோண்டும் செலவும் அரைக்கும் செலவும் முன்னரே கழிந்துவிட்டன. அவற்றை மீண்டும் பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவளித்தது.

பட்டமும் சான்றிதழும்

பொறியியலின் பிற துறைகளில் பட்டம் பெற்றவுடன் பொறுப்பேற்கலாம். சுரங்கத்தில் அவ்வாறன்று. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், நிலக்கரி அல்லாத கனிமங்களுக்கான 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகளும், சுரங்க மேலாளர், போர்மன், மேட், வெடிப்பாளர் ஆகிய ஒவ்வொருவருக்கும் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கின. அச்சட்டம் 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டபோதும், பொறுப்புக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்னும் கொள்கை நிற்கிறது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்ககம் தேர்வு நடத்தி இவற்றை வழங்கிவருகிறது. தேர்வு எழுதுவதற்கே, உரிய காலம் சுரங்கத்தில் பணிபுரிந்த அனுபவம் காட்ட வேண்டும்.

தங்க வயல் மாணவரின் இடர்ப்பாடு இங்கேதான் முளைக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மட்டும் பழகியவருக்கு அவ்வகைச் சுரங்கத்துக்கு மட்டுமே செல்லத்தக்க, வரையறுக்கப்பட்ட சான்றிதழ் கிடைக்கும். நிலத்தடிச் சுரங்கத்தையும் நடத்தும் முழுத் தகுதி பெற வேண்டுமாயின் நிலத்தடியில் பணிபுரிந்திருக்க வேண்டும். சொந்த ஊரின் ஷாஃப்ட்டுகள் மூடிக் கிடக்க, அவர் ராய்ச்சூர் மாவட்டத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத்திற்கோ, தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்கோ, ராஜஸ்தானின் துத்தநாகச் சுரங்கங்களுக்கோ, ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்திற்கோ இடம் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. அவ்விடங்களிலும் பயிற்சிக்குரிய இடங்கள் வரம்புக்குட்பட்டவை. அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவரும் அவற்றையே நாடுகின்றனர். வாய்ப்புக் கிட்டாதவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ கருங்கல் குவாரியிலோ பழகி, வரையறுக்கப்பட்ட சான்றிதழுடன் நின்றுவிடுகிறார். ஆழ்சுரங்கத்தின் அறிவு பிறந்த ஊரின் மைந்தர் ஆழ்சுரங்கத்துக்குத் தகுதியற்றவராகும் நிலை இது. பொதுத்துறைச் சுரங்கங்களின் பயிற்சி இடங்களில் ஒரு பங்கை, சுரங்கம் மூடப்பட்ட வட்டாரங்களின் கல்லூரிகளுக்கு ஒதுக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

பெண்களுக்கு அண்மைக்காலம் வரை இவ்வழியும் அடைபட்டிருந்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் பணிபுரிவதைத் தடை செய்தது. பட்டம் பெறலாம், முழுச் சான்றிதழுக்குரிய அனுபவத்தைப் பெற முடியாது. 2019 ஜனவரியில் மத்திய அரசு, தொழில்நுட்ப, மேற்பார்வை, மேலாண்மைப் பணிகளில் பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடியில் பணிபுரிய அனுமதி அளித்தது. அதன்பின்னரே இப்படிப்பு மாணவியருக்கு முழுப் பொருளுடையதாயிற்று.

மூடுதலும் ஒரு பாடம்

சுரங்கத்தைத் திறப்பது பற்றிப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. மூடுவது பற்றிய பகுதி சிறியது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் 2003-இல் வந்தது. கோலார் மூடப்பட்டு அப்போது ஈராண்டுகள் கழிந்திருந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரின் மறுவாழ்வு, குடியிருப்புகள், குடிநீர், கழிவு மேடுகள் ஆகிய எதற்கும் முன்கூட்டிய திட்டம் இருக்கவில்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் சுரங்கப் பாதைகளில் நீர் நிரம்பத் தொடங்கியது. பணிகள் நின்றபின்னும் நில அதிர்வுகள் நிற்கவில்லை. நீர்மட்டம் உயர்வதற்கும் அவ்வதிர்வுகளுக்கும் உள்ள தொடர்பைத் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தினர் பதிவு செய்து ஆராய்ந்துள்ளனர்.

எனவே இறங்குவதற்குச் சுரங்கம் இல்லை என்பதால் தங்க வயல் கல்லூரிக்குக் கற்பிக்கப் பொருள் இல்லை என்று கொள்ளலாகாது. நீர் நிரம்பிய ஆழ்சுரங்கம், அதிரும் தரை, பதப்படுத்தக் காத்திருக்கும் கழிவு மேடுகள், புழுதியைத் தடுக்க வேண்டிய குடியிருப்புகள் ஆகிய நான்கும் ஓரிடத்தில் அமைந்த ஆய்வுக்களம் வேறெங்கும் எளிதில் கிட்டாது. நிலக்கரியிலும் உலோகத்திலும் வருங்காலத்தில் மூடப்படவுள்ள சுரங்கங்கள் பல. அவற்றை மூடத் தெரிந்த பொறியாளர் தேவைப்படுவர்.

களத்தோடு மனிதரும் உண்டு. பாறையின் ஓசையறிந்த முதிய தொழிலாளரும், வைண்டர் இயக்கியவர்களும், தாங்குசுவர் கட்டியவர்களும் அவ்வூரில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கின்றனர். எந்த மட்டத்தில் பாறை எப்போது எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அவர்கள் தமிழில் கூறுவர். மாணவர் ஆங்கிலத்தில் படிக்கின்றனர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்து, கூறுவதை ஒலிப்பதிவு செய்து, சுரங்க வரைபடத்தோடு ஒப்பிட்டு எழுதிவைக்கும் பணியை இறுதியாண்டுச் செயல்திட்டமாக அளிக்கலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவரின் முயற்சி போதும். 2001-இல் நாற்பது வயதில் பணியிழந்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள்.

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் காலை ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வேலைக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். சுரங்கத்துக்காக 1890-களில் போடப்பட்ட கிளைப்பாதை அது. சுரங்கப் பொறியியல் பட்டம் பெற்றுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் செல்லும் இளைஞர்களும் அப்பயணிகளிடையே உள்ளனர். பெங்களூரின் மெட்ரோ ரயிலுக்கென நகரின் அடியில் குடையப்பட்ட சுரங்கப் பாதைகளுக்கு வேண்டிய பாறை அறிவும், காற்றோட்டக் கணக்கும், வெடிமருந்துக் கட்டுப்பாடும் இவர்கள் பயின்றவையே.